கிறிஸ்துமஸ் விளக்கு போட எலக்ட்ரீஷியன் தேவையா? உப்பளத்து வீட்டு அனுபவத்திலிருந்து ஒரு மதிப்பீடு

புதுச்சேரி உப்பளத்தில் உள்ள எங்கள் வீட்டின் முகப்பிலும் மொட்டை மாடியிலும் கிறிஸ்துமஸ் விளக்குகள் போடும் வேலையை, வழக்கமாக வரும் பந்தல்காரரிடம் கொடுக்காமல், இந்த முறை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் ஒப்படைத்தோம். ஒன்றரை நாள் வேலை. அவரும் உதவியாளர் ஒருவரும் வந்தார்கள். பொருள்களும் கூலியுமாக மொத்தம் 12,250 ரூபாய் ஆனது. முந்தைய ஆண்டு பந்தல்காரருக்குக் கொடுத்தது 3,000 ரூபாய்தான் என்பதால், நான்கு மடங்கு செலவு செய்து என்னதான் கிடைத்தது என்று உறவினர்கள் பலரும் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒருசேர எழுதுகிறேன். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு. பிடித்துக்கொண்ட அந்த ஒரு மதிப்பெண்ணுக்கான காரணம் சிறியதன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

எலக்ட்ரீஷியனைத் தேட வைத்தது எங்கள் வீட்டு கேட். 2024-ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முன் வரும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு டிசம்பர் 1-ஆம் தேதி வந்தது. அதற்கு முந்தைய நாள், நவம்பர் 30 அன்று, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஸ்டார் கட்ட வேண்டிய நாளில் நாங்கள் ஹாலில் புகுந்த தண்ணீரை வாரிக்கொண்டிருந்தோம். இரண்டு வாரம் கழித்துப் பந்தல்காரர் வந்து, கேட்டின் மேலுள்ள இரும்பு வளைவில் சீரியல் செட்டைச் சுற்றிக் கட்டுக்கம்பியால் முறுக்கிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் விடியலில், தூறல் விழுந்துகொண்டிருந்தபோது, பால் பாக்கெட் எடுக்கப் போன அம்மா தாழ்ப்பாளில் கை வைத்தவுடன் கையை உதறிக்கொண்டு பின்னால் சரிந்தார். காலில் ரப்பர் செருப்பு இருந்ததும், தாழ்ப்பாளை இறுகப் பிடிக்காமல் விரலால் தொட்டதும் அவரைக் காப்பாற்றின. பிறகு மெயினை அணைத்துவிட்டுப் பார்த்தால், கட்டுக்கம்பி முறுக்கிய இடத்தில் ஒயரின் மேலுறை நகக்கீறல் அளவுக்கு வெட்டுப்பட்டு, உள்ளே இருந்த செம்புக் கம்பி மழைநீரோடு சேர்ந்து மினுங்கியது.

அன்று எனக்குப் புரியாமல் இருந்த ஒன்றை இந்த எலக்ட்ரீஷியன்தான் விளக்கினார். கேட் முழுவதும் மின்சாரம் பாய்ந்தபோதும், அளவுக்கு மேல் மின்சாரம் போனால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. ஸ்விட்ச் ஏன் விழவில்லை? அந்த எம்.சி.பி. 6 ஆம்பியருக்கானது, அதாவது 6,000 மில்லி ஆம்பியர். ஒயர் சூடேறி உருகுவதைத் தடுப்பதுதான் அதன் வேலை. மனித உடலின் வழியே 10 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் பாய்ந்தாலே தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகும். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டிச் சற்று நேரம் பாய்ந்தால் இதயத்துக்கே ஆபத்து. அத்தனையும் நடந்து முடிந்த பிறகும் எம்.சி.பி.யின் கணக்கில் அது ஒரு சிறு பல்பு எரிவதற்குச் சமம். ஆளைக் காப்பதற்கென்றே இருப்பது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. மின்சாரம் வரும் கம்பியான பேஸ் வழியாகப் போன மின்சாரம் அப்படியே, அது திரும்பும் கம்பியான நியூட்ரல் வழியாகத் திரும்புகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் இடையே 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், எங்கோ கசிகிறது என்று கண்டுகொண்டு, அதிகபட்சம் 0.3 நொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். எங்கள் வீடு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கட்டியது, ஆர்.சி.சி.பி. இருந்ததே இல்லை.

அவர் வேலை தொடங்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. விளக்குகளை எங்கே போட வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே, போர்டிகோவில் உள்ள ப்ளக் பாயிண்ட்டைக் கழற்றிப் பார்த்தார். மூன்று பின் சாக்கெட்தான். ஆனால் கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த்துக்கான மேல் துளையின் பின்னால் ஒயரே இல்லை. வீடு கட்டிய நாளிலிருந்து யாரும் பார்க்கவில்லை. 100 வாட் குண்டு பல்பு மாட்டிய டெஸ்ட் லாம்ப்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தார். எர்த் சரியாக இருந்தால் அது பளிச்சென்று எரிய வேண்டும். பல்பு இம்மிகூட எரியவில்லை. சமையலறை சாக்கெட்டில் வைத்தபோது மஞ்சளாக மங்கி எரிந்தது. வீட்டின் பக்கவாட்டில் உள்ள எர்த் பைப்பைத் தோண்டிப் பார்த்ததில், ஒயரைப் பிடிக்கும் போல்ட் துருவேறிப் பொடியாக உதிர்ந்தது. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், பெயரிலேயே உப்பை வைத்திருக்கும் பகுதியில், வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? போல்ட்டையும் கிளாம்ப்பையும் மாற்றி, போர்டிகோ வரை புதிதாக எர்த் ஒயர் இழுத்த பிறகு அதே பல்பு வெள்ளையாகப் பளிச்சென்று எரிந்தது. (இந்தச் சோதனையைத் தெரியாதவர்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.)

ஆர்.சி.சி.பி. பொருத்தியதும்தான் உண்மையான தலைவலி தொடங்கியது. வெளிப்புற இணைப்புகளுக்கு மட்டும் தனியாக ஒன்று போடுவது என்று முடிவு செய்திருந்தோம். மழையில் வெளியே கசிந்தாலும் வீட்டுக்குள் ஃப்ரிட்ஜும் ஃபேனும் ஓடிக்கொண்டிருக்கும் என்பது அவருடைய நியாயம். அதைப் பொருத்தி போர்டிகோ லைட்டைப் போட்டவுடன் பட்டென்று விழுந்தது. மறுபடி போட்டார், மறுபடி விழுந்தது. சீரியல் செட் எதுவும் இன்னும் மாட்டவே இல்லை. வேறொருவராக இருந்தால் பொருள் சரியில்லை என்று கடையில் மாற்றிவரச் சொல்லியிருப்பார். இவர் போர்டிகோ லைட்டின் நியூட்ரல் எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கினார். அந்த லைட்டுக்கு பேஸ் வெளிப்புற எம்.சி.பி.யிலிருந்தும், நியூட்ரல் பக்கத்திலிருந்த ஹால் போர்டிலிருந்தும் எடுக்கப்பட்டிருந்தன. ஒயர் மிச்சம் பிடிக்க அந்தக் காலத்தில் யாரோ செய்த வேலை. ஆர்.சி.சி.பி. வழியாகப் போகும் மின்சாரம் அதன் வழியாகவே திரும்பாமல் ஹாலின் வழியாகத் திரும்பினால், அது கசிவு என்றுதான் அந்தக் கருவி எடுத்துக்கொள்ளும். நியூட்ரலைப் பிரித்துத் தனியாக இழுக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பழைய வீடுகளில் ஆர்.சி.சி.பி. போட்டவர்கள் பலர், சும்மா சும்மா விழுகிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டதாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படி நியூட்ரல் கலந்து கிடக்கிறதோ.

பொருள்களை வாங்க நேரு வீதியை ஒட்டிய குறுக்குத் தெருவில் உள்ள ஒரு மின்பொருள் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். ஆர்.சி.சி.பி. 2,150 ரூபாய், அதன் மேல் ஐ.எஸ். 12640 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்த்தே எடுத்தார். வெளியே இழுப்பதற்கு 1 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் செம்பு ஒயர் 20 மீட்டர், 1,200 ரூபாய். மூடியுள்ள வெளிப்புற சாக்கெட் பெட்டிகள் இரண்டு, 760 ரூபாய். எம்.சி.பி.யும் அதற்கான பெட்டியும் 620, எர்த் சாமான்கள் 430, பைப், கிளாம்ப், கிளாண்ட், டேக் எல்லாம் சேர்ந்து 540, டைமர் 650. சீரியல் செட்டுகள் நான்கு, ஒவ்வொன்றும் 10 மீட்டர், 3,400 ரூபாய். கூலி 2,500. கூட்டிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் விளக்குகளுக்குப் போன பணம் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியில் பெரும்பகுதி ஆண்டுதோறும் செலவாகப் போவதில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சீரியல் செட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் கடையில் பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. சாலையோரத்தில் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் செட்டுகளில், இரண்டு பின் ப்ளக்கிலிருந்து வரும் 230 வோல்ட் நேராக அந்த நூல் போன்ற ஒயருக்குள் போகிறது. ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் ஏறக்குறைய 3 வோல்ட்தான் தேவை என்பதால் பல பத்து விளக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து மின்னழுத்தத்தைப் பங்கிட்டுவிடுகிறார்கள். விளக்கு சிறியது, வெளிச்சம் மெல்லியது, ஆகவே ஆபத்தும் குறைவு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அதன் எந்த இடத்தில் ஒயர் பிய்ந்தாலும், அங்கே தொடுபவருக்குக் கிடைப்பது வீட்டு மின்சாரமேதான். எங்கள் கேட்டில் இருந்தது இந்த வகை. இம்முறை வாங்கியது அடாப்டர் வைத்த வகை. அடாப்டரே 230 வோல்ட்டை 31 வோல்ட் டி.சி.யாகக் குறைத்துத் தருவதால், அடாப்டர் ஒழுங்காக இருக்கும்வரை, வெளியே போகும் ஒயரைத் தொட்டாலும் உயிருக்கு ஆபத்தில்லை.

இங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அட்டைப் பெட்டியின் முன்பக்கம் பெரிய எழுத்தில் ‘ஐ.பி. 65’ என்று போட்டிருந்தது. முதல் இலக்கம் தூசிக்கானது, இரண்டாவது தண்ணீருக்கானது. 65 என்றால் தூசி புகாது, எந்தத் திசையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தாலும் தாங்கும். மகிழ்ச்சியோடு நான் பணம் எடுத்தபோது, அவர் பெட்டியைப் பிரித்து அடாப்டரை என் கையில் கொடுத்தார். அதன் அடிப்பக்கம், கடுகளவு எழுத்துகளுக்கு நடுவே, சின்னஞ்சிறிய வீட்டுப் படம் ஒன்று அச்சிட்டிருந்தது. “இது வீட்டுக்குள்ள மட்டும் வைக்கணும்னு அர்த்தம், சார். அறுபத்தஞ்சு எல்லாம் விளக்குக்குத்தான். இத வெளிய மாட்டினீங்கன்னா முதல் மழைக்கே போயிடும்” என்றார். அதாவது பெட்டியில் பெரிதாகப் போட்ட எண் விளக்குச் சரத்துக்கு மட்டுமே உரியது. மின்சாரம் நுழையும் அடாப்டருக்கு அந்தத் தகுதி இல்லை. இதை வாங்குபவர்களில் எத்தனை பேர் கவனிப்பார்கள் என்று தெரியவில்லை. கடைக்காரரும் அதுவரை கவனிக்கவில்லை என்பது அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்த விதத்தில் தெரிந்தது. பொருள் நல்ல பொருள்தான், நான்கு செட்டும் இன்றுவரை ஒரு விளக்குகூட அணையாமல் எரிகின்றன. ஆனால் அந்தப் பெட்டியின் மேலட்டை நேர்மையானதன்று.

ஆகவே நான்கு அடாப்டர்களில் இரண்டை ஹாலுக்குள்ளேயும், மற்ற இரண்டை மாடிப்படிக் கூண்டுக்குள்ளேயும் வைத்து, 31 வோல்ட் ஒயரை மட்டும் வெளியே கொண்டுபோனார். வெளிப்புற சாக்கெட் பெட்டிகள் ஸ்டாருக்கும் குடிலுக்கும்தான். அவற்றைத் தரையிலிருந்து நான்கடி உயரத்தில், ஒயர் கீழ்ப்பக்கத்திலிருந்து நுழையும்படி பொருத்தினார். பெட்டிக்குள் போகும் முன் ஒயரை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே வளைத்திருந்தார். ஒயரின் மேல் வழிந்துவரும் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பெட்டிக்குள் ஏறாது. ப்ளக்கின் மேல் பாலித்தீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடும் நம் ஊர் வழக்கத்தை அவர் கடுமையாகக் கண்டித்தார். பைக்குள் நுழைந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே வியர்த்து நிற்கும். மூடாமல் விட்டிருந்தால்கூட வெயிலில் காய்ந்திருக்கும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பும் அப்படியே. அது மின்சாரத்தைத் தடுக்குமே தவிர, தண்ணீரைத் தடுக்காது. வெளியே எங்கும் ஒயரோடு ஒயர் முறுக்கிய இணைப்பு இருக்கக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்ததால், ஒரே ஒயராக இழுக்க வேண்டியிருந்தது. 20 மீட்டர் வாங்கியதற்குக் காரணம் அதுதான்.

கட்டுக்கம்பிக்குப் பதில், இழுத்து இறுக்கும் கறுப்பு நிற பிளாஸ்டிக் டேக் பயன்படுத்தினார். வெள்ளை டேக் வெயிலில் ஒரே பருவத்தில் நொறுங்கிவிடுமாம். கேட்டின் இரும்பு வளைவில் எதையும் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 31 வோல்ட்தானே என்று நான் வாதாடிப் பார்த்தேன். திறந்து மூடும் எதிலும் ஒயர் கட்டினால் அது அறுபடத்தான் செய்யும் என்று மறுத்தார். அம்மாவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டதால் வளைவு இந்த ஆண்டு மொட்டையாகவே நின்றது. கேட்டுக்கு இருபுறமும் உள்ள சுவரில் மட்டும் விளக்குகள் ஓடின.

ஸ்டார் விஷயத்தில் இன்னொரு மாற்றம். வழக்கமாக மொட்டை மாடியின் தெருப்பக்க மூலையில் மூங்கில் நட்டு அதில் ஸ்டாரை ஏற்றுவோம். அங்கிருந்து பார்த்தால் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவின் கோபுரங்கள் தெரியும் என்பதால் அப்பாவின் காலத்திலிருந்து அதே மூலைதான். ஆனால் மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரும் அதே மூலையில்தான் இறங்குகிறது. ஈரமான மூங்கில் மின்சாரத்தைக் கடத்தும். காற்றில் அது சாய்ந்து அந்த ஒயரில் விழுந்தால், நாம் போட்ட ஆர்.சி.சி.பி. எதற்கும் உதவாது, ஏனெனில் அந்த மின்சாரம் நம் போர்டு வழியாக வருவதில்லை. ஆகவே மூங்கில் எதிர்மூலைக்குப் போனது. ஸ்டாரின் பாரத்தை நைலான் கயிறு தாங்குகிறது, ஒயர் தளர்வாகத் தொங்குகிறது. உள்ளே 9 வாட் எல்.இ.டி. பல்பு, சிறுவயதில் 60 வாட் குண்டு பல்பின் சூட்டில் காகித ஸ்டார் கருகியதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். குடிலில் வைக்கோலும் சவுக்குக் கிளையும் இருப்பதால் அங்கே பேட்டரியில் எரியும் சிறு சரம் மட்டும் போதும் என்றார். காய்ந்த சவுக்கு எப்படிப் பற்றும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதனால் குடிலுக்கென்று வாங்கிய சாக்கெட் பெட்டி வேலையில்லாமல் போனது. 380 ரூபாய் வீண் என்று அப்போது நினைத்தேன், இப்போது மாடியைக் கழுவ மோட்டார் மாட்ட உதவுகிறது.

மின்கட்டணத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: நான்கு செட்டும் தலா 6 வாட், ஸ்டார் 9 வாட், ஆக மொத்தம் 33 வாட். டைமர் மாலை 6 மணிக்குப் போட்டு நள்ளிரவில் அணைக்கிறது. டிசம்பர் 1 முதல் மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை 37 நாள்களுக்குக் கணக்கிட்டால் ஏழேகால் யூனிட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். டைமரைப் பழக எனக்குத்தான் இரண்டு நாள் ஆயிற்று; பகல் பன்னிரண்டையும் இரவு பன்னிரண்டையும் மாற்றி வைத்துவிட்டு, பட்டப்பகலில் எரியும் வீட்டைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டுச் சொன்ன பிறகே தெரிந்தது.

இனி அந்த ஒரு மதிப்பெண். முதல் குறை, சொன்ன நாளுக்கு நான்கு நாள் தாமதமாக வந்தார்; நவம்பர் கடைசியில் கோயில் வேலைகள் எல்லாம் இத்தகையவர்களிடம்தான் குவிகின்றன, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். கூலிக்கு ரசீது தரவில்லை. கடை ரசீது மட்டுமே கையில் இருக்கிறது. ஆனால் பெரிய குறை, ஹாலிலிருந்து போர்டிகோவுக்கு ஒயர் கொண்டுபோக உதவியாளர் போட்ட துளை. சுவரில் வெளிப்பக்கம் தாழ்ந்திருக்கும்படி சாய்வாகத் துளைக்க வேண்டும். அவர் உட்பக்கம் தாழ்ந்திருக்கும்படி துளைத்துவிட்டார். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் கிழக்கிலிருந்து சாய்ந்து அடித்த மழையில், அந்தத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, ஹால் சுவரில் ஸ்விட்ச் போர்டுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் கோடு போட்டு நின்றது. தொங்கவிட்ட ஒயர், கீழ்ப்பக்க நுழைவு என்று பெட்டிக்கு அவ்வளவு பார்த்தவர், சுவருக்கு அதே கணக்கைப் பார்க்கத் தவறியது வியப்பாக இருந்தது. தொலைபேசியில் சொன்னதும் அன்று மாலையே வந்து சிலிக்கான் வைத்து அடைத்தார். சிலிக்கான் தற்காலிகம் என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அந்த மழையில் ஆர்.சி.சி.பி. ஒருமுறையும் விழவில்லை. நல்லதுதான், என்றாலும் அது வேலை செய்கிறதா என்ற சந்தேகம் எனக்கு வந்துவிட்டது. அதன் முகப்பில் ‘டி’ என்ற எழுத்தோடு ஒரு சிறு பொத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை அழுத்தினால் உடனே விழ வேண்டும், விழாவிட்டால் மாற்ற வேண்டும். அழுத்தினேன், விழுந்தது. அந்தப் பொத்தான் கருவியைத்தான் சோதிக்கிறது, எர்த்தைச் சோதிப்பதில்லை; எர்த்தை ஆண்டுக்கு ஒருமுறை அவரே வந்து பார்த்துத் தர வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 7-ஆம் தேதி விளக்குகளை இறக்க வந்தபோது ஸ்டாருக்கான சாக்கெட் பெட்டியை என் முன்னாலேயே திறந்து காட்டினார். உள்ளே பொட்டு ஈரம் இல்லை. ஒரு ஸ்க்ரூவின் தலையில் மட்டும் லேசாகப் பச்சை பூத்திருந்தது. அதைச் சுரண்டி வாஸ்லின் தடவி மூடினார். சரங்களை முழங்கையில் சுற்றாமல் அட்டைத் துண்டில் சுற்றி வைக்கச் சொன்னார். சுவர்த் துளையை அடுத்த நவம்பரில் கூலி வாங்காமல் சாய்வு மாற்றிப் போட்டுத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். செய்து கொடுத்தால் இங்கே வந்து நான்கை நாலரையாக்கி விடுகிறேன். சொன்ன நாளில் வந்தால் ஐந்தும் தரலாம்.